பிரஜாவுரிமை கேட்காத தீர்வை

ஹட்டன், நுவரெலியா பஸாரில் நிவாரணப் பேச்சு எழுந்தால் ஒரு வார்த்தை தவறாமல் காதில் விழும்: "தோட்டத்துச் சனம் வரியா கட்டுது? சும்மா குடுத்தா வாங்கத்தான் செய்யும்." எங்கட கடைக்காரர்களும் இதைச் சொல்வதுண்டு. வரலாறு இதற்கு என்ன பதில் சொல்கிறது?

கொழுந்து பறிப்பவருக்கு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் கிடைத்ததில்லை. ஆனால் வரி என்றால் வருமான வரி மட்டுந்தானா? 1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் தேயிலையால் வந்தது. அதன்மீது விழுந்த ஏற்றுமதித் தீர்வை அரசாங்கத்தின் பெரிய வருமான வழிகளில் ஒன்று. தீர்வையைக் கட்டியது கம்பனிதான் என்பது கணக்குப் புத்தகப் பேச்சு. சம்பள உயர்வு கேட்டால் கம்பனி செலவுக் கணக்கைக் காட்டும்; அந்தக் கணக்கில் தீர்வையும் இருந்தது. பிரட்டுக்களத்தில் நின்றவரும் அதில் ஒரு பங்கைச் சுமந்தார்.

அப்படிச் சேர்ந்த பணம் எங்கே போனது? 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு எனப் பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறியவர் தன் சேமலாப நிதியைக் கேட்டு வாங்கலாம். தன் உழைப்பின் வழியாக அரசுக்குப் போன தீர்வையை யாரிடம் கேட்பது?

மறுபக்க நியாயமும் உண்டு. லயம், மருந்து, பிள்ளை மடுவம் எல்லாம் தோட்டமே தருகிறது. மாதச் சம்பளமும் வருகிறது. அதுவும் இல்லாத கிராமத்து ஏழைதான் முதலில் வரவேண்டும் என்றார்கள். 1995இல் தொடங்கிய சமுர்த்தியில் தோட்டக் குடும்பங்கள் பல விடுபட்டதற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அது மாதச் சம்பளம் என்பது பெயருக்குத்தான். பேர் விழுந்த நாளுக்குத்தான் காசு. லயமும் வேலையோடு கட்டுண்டது.

இமாம் அபூ யூஸுப் கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறது. பிச்சை கேட்டு நின்ற யூத முதியவர் ஒருவரை உமர் (ரலி) கண்டார். ஜிஸ்யாவும் வறுமையும் முதுமையுமே காரணம் என்றறிந்து, அவருக்கு வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவவும் பணித்தார். இளமையில் வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவரது நியாயம். அந்த முதியவர் முஸ்லிம் அல்லர் என்பது உதவிக்குத் தடையாகவில்லை.

தோட்ட மக்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம்; லயத்துப் பெண் வாங்கும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. அஸ்வெசும யாருக்குப் போகவேண்டும் என்று தாராளமாக விவாதிக்கலாம். தேவை பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். "சும்மா" என்ற சொல்லை மட்டும் அந்த விவாதத்தில் சேர்க்க வேண்டாம். அந்தச் சனம் பிரஜையாகும் முன்பே கொடுக்கத் தொடங்கிவிட்டது.