முகம்மது அலி: வீரமும் மனச்சான்றும்

விளையாட்டரங்கில் வென்றோர் பலர். அவருள் வரலாற்று மாணவன் கருத்தூன்றி ஆராய வேண்டியவர் மிகச் சிலர். ஓட்டத்திலும் மற்போரிலும் ஒருவர் நிலைநாட்டிய சாதனை பின்வருவோரால் முறியடிக்கப்படுதல் இயல்பு. ஆயின், ஒரு வீரனின் வாழ்க்கை அவன் பிறந்த நாட்டின் சட்டத்தையும் சமயவுரிமையையும் இனப்பகையையும் தொட்டு நிற்குமாயின், அது விளையாட்டின் வரலாறு மட்டுமன்றி நாட்டின் வரலாறும் ஆகின்றது. ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்து, உலகக் குத்துச்சண்டை வாகையை மும்முறை சூடிய முகம்மது அலியின் வாழ்க்கை அத்தகையது. அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதைவிட, எதனைச் செய்ய மறுத்தார், அம்மறுப்புக்கு என்ன விலை கொடுத்தார் என்பனவே வரலாற்றில் அவருக்குரிய இடத்தை வரையறுப்பன. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலியின் செயலை உள்ளவாறு அறிதற்கு அவர்க்கு முன்னிருந்த இருவரை அறிதல் வேண்டும். அதிபார எடைப் பிரிவில் உலக வாகை சூடிய முதற் கறுப்பினத்தவர் ஜாக் ஜோன்சன் என்பவர். 1908ஆம் ஆண்டு சிட்னி நகரிற் பட்டம் பெற்ற அவர், வெள்ளையர் வகுத்த எல்லைகளைப் பொருட்படுத்தாது வாழ்ந்தார். 1910ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் ஜிம் ஜெப்ரீஸ் என்னும் வெள்ளை வீரரை அவர் வென்றபோது, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக்கலவரம் மூண்டது. 1913இல் ஒழுக்கச் சட்டமொன்றின் கீழ், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த யூரர் சபை அவரைக் குற்றவாளியெனக் கண்டது. அவர் நாட்டைவிட்டு நீங்கினார். 1920இல் மீண்டு வந்து சிறை புகுந்தார். அத்தீர்ப்பின் கறையை நீக்கும் மன்னிப்பு 2018ஆம் ஆண்டிலேதான், அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்குமேற் சென்றபின், வழங்கப்பட்டது.

மற்றவர் ஜோ லூயிஸ். 1937இற் பட்டம் பெற்ற இவர் அடக்கத்தின் உருவமாக வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரிற் படையிற் சேர்ந்து, வீரர் மகிழக் காட்சிப் போட்டிகள் நடத்தினார். 1942இல் இரு போட்டிகளில் ஈட்டிய ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு ஈந்தார். அத்தகையவரையும் போருக்குப்பின் வருமானவரிக் கடன் நெடுங்காலம் துரத்தியது. எதிர்த்தவனும் இடருற்றான், இணங்கியவனும் இடருற்றான். கறுப்பு வீரனொருவன் முன் அந்நாடு திறந்துவைத்த வழிகள் இவ்விரண்டே. அலி மூன்றாவது வழியொன்றைக் கண்டார்.

கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 1942ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காசியஸ் மார்செலஸ் கிளே. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய வெள்ளையர் ஒருவரின் பெயர் அது. தந்தையார் விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியர். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பன்னிரண்டாம் வயதில் அவரது சைக்கிள் களவு போயிற்று. களவாடியவனை அடிப்பேன் எனச் சினந்து நின்ற சிறுவனை நோக்கி, முதலிற் சண்டையிடப் பழகுக என அறிவுரை கூறினார் ஜோ மாட்டின் என்ற பொலிசுக்காரர். அவரே குத்துச்சண்டைப் பயிற்சியாளருமாவார். அன்று தொடங்கிய பயிற்சி 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக் போட்டியிலே தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தது.

இப்பதக்கத்தைப் பற்றிய கதையொன்று உண்டு. ஊர் திரும்பிய வீரர்க்கு உணவுச்சாலையொன்றில் நிறம் காரணமாக உணவு மறுக்கப்பட்டதென்றும், மனம் வெதும்பிய அவர் பதக்கத்தை ஒகையோ ஆற்றில் எறிந்தாரென்றும் 1975இல் அவர் பெயரால் வெளிவந்த தன்வரலாறு கூறுகின்றது. அவரோடு நெருங்கிப் பழகியோர் சிலர் பின்னர் இதனை மறுத்தனர். நிற வேற்றுமை அந்நகரில் நிலவியது மெய். ஆற்றில் எறிந்த செய்தி ஐயத்திற்கிடமானது. வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். அலியின் பெருமையை நிறுவ இக்கதை தேவையுமன்று. நீதிமன்ற ஏடுகளே அதற்குப் போதுமானவை.

1964ஆம் ஆண்டு பெப்ருவரி 25ஆம் நாள், வெல்லற்கரியவர் எனக் கருதப்பட்ட சொனி லிஸ்ரனை அவர் வென்றார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்திரண்டு. மறுநாளே தாம் இசுலாமிய தேசம் என்னும் கறுப்பினத்தவர் இயக்கத்தைச் சார்ந்தவர் என்பதை உறுதிப்படுத்தினார். மார்ச்சு மாதத்தில் அவ்வியக்கத் தலைவர் எலைஜா முகம்மது அவர்க்கு முகம்மது அலி என்னும் பெயரை அளித்தார். பத்திரிகைகள் பல நெடுங்காலம் அப்பெயரை ஏற்க மறுத்து, பழைய பெயராலேயே அவரைச் சுட்டின. ஒருவன் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமைகூட அன்று வழக்காடிப் பெறவேண்டிய பொருளாயிருந்தது.

இனி, அவர் வாழ்வின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். 1964இற் படைச்சேவைக்கான அறிவுத் தேர்வில் அவர் தேறவில்லை. வியற்நாம் போர் விரிந்தபோது தேர்வின் அளவுகோல் தாழ்த்தப்பட்டது. 1966 பெப்ருவரியில் அவர் சேவைக்குத் தகுதியுடையவரென அறிவிக்கப்பட்டார். வியற்கொங்கினரோடு தமக்கு யாதொரு பகையுமில்லை என அவர் கூறிய சொல் நாடெங்கும் பரவிப் பெருஞ்சினத்தை மூட்டியது. மனச்சான்றின் பொருட்டுப் போரை மறுப்பவராகத் தம்மை ஏற்குமாறு அவர் விண்ணப்பித்தார். அதனை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அலியின் நம்பிக்கை உண்மையானதே எனக் கண்டார். ஆயினும் நீதித் திணைக்களம் மாறாக ஆலோசனை கூற, மேன்முறையீட்டுச் சபை காரணம் எதுவுங் காட்டாது விண்ணப்பத்தைத் தள்ளியது.

1967ஆம் ஆண்டு ஏப்பிரில் 28ஆம் நாள், ஹூஸ்ரன் நகரிற் படைக்கு ஆள்சேர்க்கும் நிலையத்தில் அவர் பெயர் அழைக்கப்பட்டது. அழைக்கப்பட்டவர் ஓரடி முன்வைத்தல் முறை. அவர் அசையவில்லை. வைக்கப்படாத அந்த ஓரடிக்காக அவர் இழந்தவை பல. நியூயோர்க் மாநிலத்து ஆணைக்குழு உடனேயே அவரது அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைத்தது. உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. யூன் 20ஆம் நாள், வெள்ளையர் மட்டுமே கொண்ட யூரர் சபை இருபத்தொரு நிமிடங்களில் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டொலர் தண்டமுமாகிய அதியுயர் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு காரணமாகப் பிணையில் வெளியே இருப்பினும், கடவுச்சீட்டு பறிக்கப்பட்டமையாற் பிறநாடுகளிற் போட்டியிடும் வழியும் அடைபட்டது.

போரை எதிர்ப்போர் அந்நாட்டில் அப்பொழுது சிறுபான்மையினரே. மாட்டின் லூதர் கிங் அப்போருக்கெதிராகத் தம் பேருரையை ஆற்றியது, அலி மறுத்து நிற்பதற்கு ஒரு மாதத்துக்கும் குறைந்த காலத்தின் முன்னரேயாம். படையிற் சேர்ந்திருப்பின், லூயிஸைப் போலக் காட்சிப் போட்டிகள் நடத்திப் பாதுகாப்பாகக் காலங்கழித்திருக்கலாம் என்பதே பலர் துணிபு. அலி அதனை நாடவில்லை. ஜோன்சனைப்போல நாட்டைவிட்டு ஓடவுமில்லை. சட்டத்தின் முன் நின்று, அது தரும் தண்டனைக்கு உடன்பட்டுக்கொண்டே அதன் கட்டளையை மறுத்தார். முன்னர்க் குறித்த மூன்றாவது வழி இதுவே. குத்துச்சண்டை வீரனின் உடல் உச்ச வலிமையுடன் விளங்கும் இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வரையான வயதில், மூன்றரை ஆண்டுகள் அவர் களம் புகவில்லை. பல்கலைக்கழகங்களிற் சொற்பொழிவாற்றி ஊதியம் தேடினார்.

1970 ஒக்டோபர் 26ஆம் நாள் அற்லாந்தா நகரில் அவர் மீண்டுங் களம் புகுந்தார். 1971 யூன் 28ஆம் நாள் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம், வழக்கில் அமர்ந்த எண்மரும் ஒருமித்து, தீர்ப்பை நீக்கியது. மனச்சான்றின் பொருட்டுப் போரை மறுப்பவர் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்தல் வேண்டும்: எப்போரையும் எதிர்த்தல், அவ்வெதிர்ப்பு சமயவழிப்பட்டதாதல், அது உண்மையானதாதல். பின்னிரண்டையும் அலி நிறைவு செய்தாரென அரசாங்கமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மேன்முறையீட்டுச் சபையோ எந்நிபந்தனை பற்றித் தள்ளியதெனக் கூறவில்லை. ஆதலின் பிழையான காரணத்தாற் தள்ளியிருத்தல் கூடும் எனக் கொண்டு அவரை விடுவித்தனர். இது போரைப் பற்றிய தீர்ப்பன்று. நடைமுறைப் பிழையொன்றின் மீதெழுந்த ஒடுங்கிய தீர்ப்பேயாகும். எனினும் அதிலொரு பாடமுண்டு. அதிகாரமுடையோர் தம் முடிவுக்குக் காரணங் கூறவேண்டும் என்பதே அது. இழந்த ஆண்டுகளை மட்டும் எந்நீதிமன்றமும் மீட்டுத்தரவில்லை.

பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியரிடம் தோற்றார். 1974 ஒக்டோபர் 30ஆம் நாள் கின்சாசா நகரில் ஜோர்ஜ் போர்மனை எட்டாஞ் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். 1978இல் மூன்றாம் முறையும் பெற்றார். 1981இல் ஓய்வுற்றபோது 61 போட்டிகளில் 56 வெற்றி பெற்றிருந்தார்.

புகழ்வதோடு அமைதல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. தமக்கு வழிகாட்டிய மல்கம் எக்ஸ் இயக்கத்தினின்றும் பிரிந்தபோது அலி அவரைப் புறக்கணித்தார். 1965இல் மல்கம் கொல்லப்பட்டார். அச்செயலுக்காக அலி முதுமையில் வருந்தினார். தாம் தடைப்பட்டிருந்த காலத்தில் தமக்காகப் பரிந்து பேசிய பிரேசியரைக் குரங்கெனப் பலரறிய இழித்துரைத்தார். அவ்விழிசொல் வெள்ளை இனவெறியரின் வாயிலிருந்து வந்ததேயாம். அது பிரேசியரின் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. மொபுட்டுவின் சயரிலும் மார்க்கோசின் மணிலாவிலும் நடந்த பெரும்போட்டிகள் கொடுங்கோலர்க்குப் புகழ் தேடித் தந்தன. பெருமையும் சிறுமையும் ஒருவரிடத்தே கலந்திருத்தல் கூடும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் தகாது.

1984இல் அவர்க்குப் பாக்கின்சன் நோய் உண்டென அறியப்பட்டது. 1990இல் ஈராக் சென்று, ஆங்குத் தடுத்துவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர் பதினைவரை மீட்டுவந்தார். 1996இல் அற்லாந்தா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கையாற் தீபமேற்றினார். 2005இல் நாட்டின் உயர் விருதொன்றைக் குடியரசுத் தலைவரிடம் பெற்றார். 2016 யூன் 3ஆம் நாள் மறைந்து, பிறந்த நகரிலேயே அடக்கம் பெற்றார்.

ஈண்டு ஒன்று சிந்தித்தற்குரியது. அவர் உரத்துப் பேசிய காலத்தில் நாடு அவரைத் தண்டித்தது. நோயினாற் குரல் ஒடுங்கிய காலத்தில் அந்நாடே அவரைக் கொண்டாடியது. பேசாதவரைப் போற்றுதல் எவர்க்கும் எளிது. 1996ஆம் ஆண்டின் தீபவொளியில் 1967ஆம் ஆண்டின் மறுப்பு மறைந்துபோக விடுவோமாயின், நாம் கற்றது வரலாறாகாது. சட்டத்தை மறுத்தவர் எவ்வாறு பெரியவர் ஆவார் என மாணவர் வினவுவர். மறுப்பவர் யாவரும் பெரியவராகார்; தம் மறுப்பின் விலையைப் பிறர்மேற் சுமத்தாது தாமே செலுத்துபவரே பெரியவர். அலி அதனை முழுமையாகச் செலுத்தினார். அவர் பட்டங்களைப் பின்வந்தோர் வென்றெடுத்தனர். ஹூஸ்ரன் நகரில் அவர் நின்ற நிலையை எவரும் வென்றிலர்.