விலைப்பட்டியலில் முன்னோரைத் தேடுதல்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் தொடக்ககாலச் சட்டமன்றங்களில் அமர்ந்தோர் பலர் தோட்ட உரிமையாளர்களே. ஆகவே அவர்களது வம்சாவளி உயில், நிலப்பத்திரம், அவைக்குறிப்பு என விரிவாகக் கிடைக்கிறது. அவர்கள் அடிமைப்படுத்திய கறுப்பின மக்களுக்கோ, 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில் பெரும்பாலும் பெயரே இல்லை. உரிமையாளர் பெயரின்கீழ் வயது, பாலினம், நிறம் மட்டுமே உண்டு. விடுதலை பெற்றோரைப் பெயருடன் பதிந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870-இல்தான் நடந்தது.

எனவே தேடல் அங்கிருந்து பின்னோக்கிச் செல்லவேண்டும்: முதலில் 1865-இல் அமைந்த விடுதலையாளர் நலத்துறையின் கூலி ஒப்பந்தங்கள், பிறகு மாவட்ட நீதிமன்றங்களிலுள்ள உரிமையாளரின் உயிலும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலும். விடுதலை பெற்ற எல்லோரும் உரிமையாளரின் குடும்பப்பெயரை ஏற்கவில்லை என்பதை மறக்கலாகாது. கால்நடைகளோடு சேர்த்து, விலையிட்டு எழுதப்பட்ட ஒரு பெயரே பல குடும்பங்களுக்குத் தம் முன்னோர் குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய சான்று.