நோயாளி வீடு திரும்பும் நாள்: பீமாரிஸ்தான்களின் வரலாற்றிலிருந்து



மருத்துவமனையில் இருந்தவரை 'டிஸ்சார்ஜ்' செய்துவிட்டார்கள் என்று கேட்டவுடன் நாம் அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி நிம்மதியடைகிறோம். பைத்துல்மாலிலிருந்து நாம் செய்யும் உதவியும் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால், மறுநாள் காலையில் எந்த மாத்திரையை உண்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது யார், அன்றாடக் கூலிக்காரராயின் அவர் எழுந்து நடமாடும்வரை வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுகின்றன. இக்கேள்விகளுக்கு நம் முன்னோர் எழுதிவைத்த ஏற்பாடுகள் உண்டு.

நோய் நீங்கியும் வலிமை திரும்பாதவரை அரபியில் 'நாகிஹ்' என்பர். நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் உம்முல் முன்திர் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் வீட்டிற்குச் சென்ற நிகழ்ச்சி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அங்குத் தொங்கிய பேரீச்சங்குலைகளிலிருந்து அலீ (ரலி) உண்ணத் தொடங்கியபோது, அவர் அப்போதுதான் நோயிலிருந்து எழுந்தவர் என்பதால் நபியவர்கள் தடுத்தார்கள். பின்னர் அப்பெண்மணி கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்ததையே அவருக்கு ஏற்றதென்று உண்ணச் செய்தார்கள். நோய் தீர்ந்த பிறகும் பத்தியம் உண்டென்பதற்கு இது போதிய சான்று. குணமடைவது தாமதப்படும் என்று அஞ்சுபவர் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்யலாம் என்று ஃபுகஹாக்கள் கூறுவதும் இக்கருத்தை ஒட்டியதே. ஆயினும் ரமளானில் இதை மறந்து, வீட்டாரின் சொல்லையும் மீறித் தம்மை வருத்திக்கொள்வோர் பலர்.

எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் கி.பி. 870களில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். நோயாளி உள்ளே வரும்போது அவருடைய உடையும் பணமும் ஓர் அமீனிடம் ஒப்படைக்கப்படும். அவர் ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்குத் தேறிய பின்னரே உடையும் பணமும் திருப்பித் தரப்பட்டு, வெளியே செல்ல அனுமதிக்கப்படுவார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். நோயாளியின் உடல் உணவை ஏற்கிறதா என்பதே அங்கு அளவுகோல்.

எனினும் அங்கே நோயாளிக்குத் திரும்பக் கிடைத்தது அவருடைய பொருளே. கையில் ஒன்றுமில்லாதவர் என்ன செய்வார்? இதற்கு விடை கண்டவர், மொரோக்கோவை ஆண்ட முவஹ்ஹித் கலீஃபா யஃகூப் அல்மன்சூர் (ஆட்சி 1184–1199). அவர் மராக்கிஷ் நகரில் கட்டிய மருத்துவமனையைப் பற்றி அப்துல் வாஹித் அல்மராகுஷீ 1224இல் எழுதிய நூலில் விவரிக்கிறார். உணவுக்கு மட்டும் நாளொன்றுக்கு 30 தீனார். மருந்துச் செலவு தனி. குணமடைந்தவர் ஏழையாக இருந்தால், தம் காலில் நிற்கும்வரை பிழைத்திருப்பதற்கான பணம் கொடுத்தனுப்பப்பட்டது. செல்வராக இருந்தால் அவருடைய பொருள் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. உடல் தேறும் நாளும் உழைக்கத் தொடங்கும் நாளும் ஒன்றல்ல என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. என் பார்வையில், மருத்துவமனை வரலாற்றில் இதற்கு இணையான செய்திகள் சிலவே.

இவ்வேற்பாட்டை மன்னரின் தயவில் விடாமல் சட்டமாக்கியது கெய்ரோவின் மன்சூரி பீமாரிஸ்தான். மம்லூக் சுல்தான் கலாவூன், தாம் தளபதியாக இருந்தபோது டமாஸ்கஸில் நோயுற்று, அங்குள்ள நூருத்தீன் ஸங்கியின் பீமாரிஸ்தானிலிருந்து வந்த மருந்தினால் குணமடைந்தார். தமக்கு ஆட்சி கிடைத்தால் அதுபோன்றதொன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1284இல் அதை நிறைவேற்றினார். (கட்டுவதற்கு மக்களிடம் கட்டாய வேலை வாங்கியதால், அங்கே தொழுவது கூடுமா என்று ஆலிம்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டதையும் மக்ரீஸீ மறைக்கவில்லை.) அதன் வக்ஃபு சாசனம் ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் எனப் பேதம் பாராமல் அனைவரையும் ஏற்கச் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் உணவு தனித் தட்டில், மூடிய நிலையில் தரப்பட வேண்டும். குணமடைந்து செல்பவருக்கு அவருடைய தகுதிக்கேற்ற உடையை நாழிர், அதாவது வக்ஃபு நிர்வாகி, வழங்க வேண்டும். மரணித்தவருக்குக் கஃபனும் அடக்கச் செலவும் அதே வக்ஃபிலிருந்து.

இன்று மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்றொருவர் இருக்கிறார். 1905இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் காபட் இப்பணியைத் தொடங்கியதற்குக் காரணம், வீட்டின் நிலைமை தெரியாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு பலனளிப்பதில்லை என்று அவர் கண்டதே. மன்சூரி பீமாரிஸ்தானின் சாசனமோ அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டிலேயே கிடக்கும் ஏழைகளுக்கும் மருந்து, பானம், உணவு ஆகியவற்றை அனுப்ப அது வழிசெய்தது. இது ஏட்டளவில் நின்ற விதியன்று. அந்த பீமாரிஸ்தானின் நிர்வாகப் பொறுப்பை வகித்த நுவைரீ என்ற அறிஞர், உள்ளே தங்கியிருந்தோர் நீங்கலாக, இவ்வாறு வீட்டிலிருந்தபடியே உதவி பெற்றோர் ஒரு சமயத்தில் 200 பேருக்கும் மேற்பட்டிருந்தனர் என்று குறித்துவைத்துள்ளார்.