மலையகத்தில் வெட்டவெளி உணவு

இலங்கையின் மத்திய மலைநாட்டில், சிறப்பாக நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகள், ஆற்றங்கரைகள், நீர்வீழ்ச்சிகளிலும் பலர் கூடியிருந்து கூரையற்ற இடத்தில் உண்ணும் வழக்கங்கள் இத்தலைப்பில் அடங்கும். இவ்வழக்கத்துக்கு இரண்டு மரபுகள் உண்டு. தொழிலாளர்கள் வேலைக்கு நடுவே மலையில் உண்பதும், கோயிலடியில் பொங்கிப் படைத்து உண்பதும் ஒன்று. வெள்ளைத் தோட்டத் துரைமாரின் வேட்டை விருந்திலிருந்து வளர்ந்த உல்லாசப் பயண உணவு மற்றது. பயண நூல்களும் வழிகாட்டிகளும் இரண்டாவதையே பேசி வந்திருக்கின்றன. காலத்தால் முந்தியது முதலாவது மரபே.

தொடக்கம்

1823 ஆம் ஆண்டு ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் திறந்ததோடு தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை தொடங்கியது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். மலையகத்து வெட்டவெளிச் சமையல் இந்த நடைபாதையில்தான் பிறந்தது. ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணி ஒருவரின் கீழ் வந்த கூட்டத்துக்கு ஒரே பானை. மூட்டையில் வந்த அரிசியை மரத்தடியில் மூன்று கல் கூட்டி வடித்தார்கள். குட்டையிலும் ஓடையிலும் கிடைத்த நீரைக் குடித்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அந்த நீரோடு வந்தன. வழியிலேயே புதைக்கப்பட்டவர்கள் மிகப் பலர்.

அந்தச் சோறு இலவசமாகவும் வரவில்லை. வழிச்செலவு முழுவதும் முற்பணமாகக் கணக்கில் ஏறியது. தோட்டத்துக்கு வந்து முதல் நாள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே தொழிலாளி கங்காணிக்குக் கடனாளியாக இருந்தார். அந்தக் கடனைச் சீட்டில் எழுதி ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலையகத்தில் சேர்ந்து உண்பதன் வரலாற்றை எழுதுபவர் இந்தக் கணக்கேட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

நுவரெலியாவின் விருந்து வரலாறு வேறு வழியில் வளர்ந்தது. வைத்தியர் ஜோன் டேவி 1819 இல் கண்ட இந்த மேட்டுநிலத்தைப் பற்றிப் பின்னர் எழுதினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் இதை வெள்ளையர் உடல்தேறும் இடமாக மாற்றினார். 1834 இல் இரண்டு இராணுவ அதிகாரிகள் ஹோர்ட்டன் சமவெளிக்கு வந்தார்கள். அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை அதற்கு இட்டார்கள். சாமுவேல் பேக்கர் 1848 இல் ஆட்களோடும் மாடுகளோடும் வேட்டை நாய்களோடும் நுவரெலியாவில் குடியேறினார். அவர் காலத்தில் காட்டுக்குள் கூடாரமடித்து, நாய்களை விட்டு மரையை விரட்டி, அதன் இறைச்சியை அங்கேயே சுட்டு உண்பது துரைமாரின் பெரும் பொழுதுபோக்கானது. மரையை அவர்கள் ‘எல்க்’ என்றே தவறாக அழைத்தார்கள். பேக்கரின் வேட்டை நூல் 1854 இல் வெளிவந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் ஃபார் விடுதியும் வேட்டைக்காரர் தங்கலாகவே தொடங்கியது. உணவுக் கூடையையும் கூடாரத்தையும் தலையில் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நூல்களில் இல்லை.

கோப்பி நோய் 1869 இல் பரவத் தொடங்கி, ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை மலையெங்கும் படர்ந்தபின், வேட்டைக் கூடாரத்தின் இடத்தைப் பூங்காவும் ஏரிக்கரையும் பிடித்தன. ஹக்கலைத் தோட்டம் 1861 இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கப்பட்டு, பின்னர் மலர்த் தோட்டமானது. ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873 இல் நுவரெலியாவில் ஏரியை அமைத்தார். 1897 இல் விக்டோரியா பூங்கா வந்தது. ரயில் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியதும், கொழும்புக் குடும்பங்கள் கூடை கட்டிக்கொண்டு வரத் தொடங்கின. ஏப்ரல் மாத ‘சீசன்’ என்ற வழக்கம் அந்தக் கூட்டத்தோடு நிலைபெற்றது.

வகைகள்

மலையில் உண்ணும் வேலைநாள் உணவே முதல் வகை. எண்ணிக்கையில் மற்ற எல்லா வகைகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது, ஏனெனில் இது அன்றாடம் நடப்பது. விடியுமுன் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) அடுப்பில் கோதுமை மா பிசைந்து, தேங்காய்ப்பூ கிடைத்தால் அதையும் சேர்த்து, தட்டி எடுத்த தடித்த ரொட்டி இரண்டு. அம்மியில் கொச்சிக்காய், வெங்காயம், உப்பு வைத்து நசுக்கிய சம்பல். பழைய போத்தலில் பால் இல்லாத தேத்தண்ணி. கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டு, வடிகால் கான் ஓரத்திலோ நிழல்மரத்தடியிலோ வட்டமாகக் குந்துவார்கள். கொழுந்துச் சாறு பட்ட விரல்களில் கறுப்பு ஏறியிருக்கும். அது கழுவினாலும் எளிதில் போகாது. ஒருத்தி ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, அன்று வெறுங்கையோடு வந்தவளின் மடியில் வைப்பாள். சம்பல் சுற்றிய தாள் வட்டத்தின் நடுவே திறந்து கிடக்கும். சீனி குறைந்த நாளில் கருப்பட்டித் துண்டை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தேத்தண்ணியை உறிஞ்சுவார்கள். மலையகத்தின் மிகப் பெரிய கூட்டுணவு இதுதான்.

இந்த ரொட்டி மலையகத்துக்கு வந்தது பிந்திய காலத்தில். தோட்டம் அளந்து கொடுத்த அரிசியே முன்பு முதன்மை உணவு. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டோடு கோதுமை மா லயங்களுக்குள் நுழைந்து, பின் நீங்கவே இல்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் பங்கீட்டு மாவும் அரிசியும் சுருங்கியபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். அக்காலத்தைக் கண்டவர்கள் ரொட்டியைப் பங்கிடும்போது இன்றும் துண்டின் அளவைப் பார்த்தே பிய்ப்பார்கள்.

இரண்டாவது வகை, சாமிக்குப் படைத்து உண்பது. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து தொடங்குமுன் கத்திகளை ஒரு கல்லின் முன் அடுக்கி, சேவல் அறுத்து, கவ்வாத்துச்சாமிக்குப் படைப்பார்கள். தொழிற்சாலை இயந்திரச் சக்கரத்தில் உறையும் ரோதமுனிக்கும், மலை எல்லையில் நிற்கும் முனியாண்டிக்கும் இவ்வாறே படையல் உண்டு. இறைச்சியை அங்கேயே சமைத்து, அங்கேயே உண்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது என்பது பல இடங்களில் கட்டுப்பாடு. மாரியம்மன் திருவிழா அன்னதானம் இதைவிடப் பெரியது. அதற்கான கோயில் பணத்தைத் தோட்ட நிருவாகமே சம்பளத்தில் கழித்துக் கமிட்டியிடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் தம் உழைப்பில் வாங்கிய சோற்றையே உண்டார். லயங்களில் சாதி பார்த்து வீடு பிரித்த காலமொன்று உண்டு. பொதுவிருந்தில் யார் கரண்டி பிடிப்பது என்ற கேள்வியில் அது நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. மலையில் ரொட்டி பிய்த்த இடத்தில்தான் அது முதலில் உடைந்தது.

சிவனொளிபாதமலை யாத்திரை உணவை மூன்றாவது வகையாகக் கொள்ளலாம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நீளும் பருவத்தில், ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாக 2,243 மீற்றர் உயரச் சிகரத்துக்கு ஏறுபவர்கள் கட்டுச்சோறு கொண்டு போகிறார்கள். படிகளில் முன்பின் தெரியாதவர் நீட்டும் தேத்தண்ணியை எம்மதத்தவரும் வாங்கிக் குடிப்பார்கள். வெசாக் காலத்து இலவச உணவுப் பந்தல்களான தன்சல்களிலும் இதே நிலைதான்: சிங்களவர் வைத்த பானையில் தோட்டத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று சோறு வாங்குகிறார்கள்.

நான்காவது வகை ‘ட்ரிப்’. வாடகை பஸ்ஸில் கிடாரமும் விறகும் ஏற்றி வந்து ஆற்றோரம் சமைப்பவர்களும், வாழையிலையில் சோற்றுப் பார்சல் கட்டி வருபவர்களும், கிரெகரி ஏரிக்கரையில் அவித்த சோளம் வாங்கிக் கொறிப்பவர்களும் இதில் அடங்குவர்.

இடர்கள்

உயரம் முதலில் சமையலைப் பாதிக்கிறது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் நீர் அங்கே சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கடலையும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். கீழ்நாட்டிலிருந்து வருபவர்கள் வழக்கமான நேரத்தில் பானையை இறக்கிவிட்டு அரைவேக்காட்டை உண்கிறார்கள். கொழும்பில் இரவே சமைத்து மூடிக் கட்டிய சோறு அதைவிட ஆபத்தானது. வெப்பம் தணியாத பெரும் பாத்திரத்தில் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. தேங்காய்ப்பால் விட்ட கறி வளைவுப் பாதையில் நான்கைந்து மணி நேரம் குலுங்கி வரும்போது புளித்துப் போகிறது. கட்டச்சம்பலும் கருவாட்டுப் பொரியலும் தாங்கும். பழைய ஆட்கள் அவற்றைத் தேர்ந்தது வறுமையால் மட்டும் அன்று.

ஆறுகள் இன்னும் கொடியவை. களனி, மகாவலி ஆறுகளின் மேற்பகுதியில் காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன், கென்யன், மேல் கொத்மலை என நீர்த்தேக்கங்கள் அடுக்கடுக்காக உள்ளன. மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால், வெயிலடிக்கும் கீழ்க்கரையில் பாறை மேல் சமைத்துக்கொண்டிருப்பவர்களை நீர் சூழ்ந்துவிடும். சைரன் ஒலி கேட்டவுடன் பானையை விட்டுவிட்டு ஏற வேண்டும். லக்சபான போன்ற அருவிகளின் அடியில் உள்ள குளங்கள் அமைதியாகத் தோன்றினாலும் உள்ளே சுழல் உண்டு. பாதையும் உயிர் வாங்குகிறது: 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதெல்லைச் சரிவில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த சுற்றுலாப் பஸ் வான் ஒன்றில் மோதியதில் 7 பேர் இறந்தனர்.

சுற்றுலாப் பயணிக்கு எப்போதாவது நேர்வது தொழிலாளிக்கு ஆண்டு முழுதும் நேர்கிறது. குளவிக் கொட்டு அதற்குச் சான்று. செய்தித்தாள்கள் குளவி என்று எழுதும்போது பல தடவை அது பாறையிலும் உயர்ந்த கருப்பந்தைல மரங்களிலும் பெரிய கூடு கட்டும் பெருந்தேனீ. பருந்து கூட்டைக் கொத்தினாலோ புகை எட்டினாலோ திரண்டு இறங்கும். நிழலுக்கு மரத்தடியில் உட்கார்ந்து உண்பவர்களே முதலில் அகப்படுவார்கள். கையால் அடிக்காமல், தலையை மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். கொடுக்கை உடனே அகற்றி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆனால் செங்குத்து மலையின் நடுவே இருக்கும் அறுபது வயதுப் பெண் எங்கே ஓடுவாள்? குளவி கொட்டி நேரும் மரணங்கள் உணவு வேளைக்கு ஒரு மூடிய கொட்டகை இருந்தால் குறையக்கூடும். பல தோட்டங்களில் இன்றும் மலையில் கொட்டகை இல்லை, கை கழுவ நீர் இல்லை, மறைவிடம் இல்லை. களைநாசினி தெளித்த நிரையில் நின்ற கையோடு ரொட்டியைப் பிய்க்கிறார்கள்.

அட்டைக்கடி தொல்லையே தவிர உயிராபத்து அன்று. மாசி, பங்குனி வறட்சியில் அணைக்காமல் விட்ட அடுப்பு பத்தனைப் புல்வெளிகளை எரிக்கிறது. வீசிய எலும்புக்குக் காட்டுப்பன்றியும் நாயும் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும், பிறகு லயத்துப் பிள்ளைகள் மாலையில் வெளியே வர முடியாது. ஹோர்ட்டன் சமவெளியில் பயணிகள் நீட்டிய தின்பண்டத்துக்குப் பழகி, பொலித்தீனையும் விழுங்கி மரைகள் செத்திருக்கின்றன.

இன்றைய நிலை

பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதலும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி முதலியன 2023 ஒக்டோபர் முதலும் தடை செய்யப்பட்டுள்ளன. 1988 இல் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியின் வாயிலில் பைகள் சோதிக்கப்படுகின்றன. இவ்வழக்கம் பிறந்த பாதையும் மறக்கப்படவில்லை: 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியில் ஒரு நடைபயணம் நடந்தது.