அரசியல் நுழைவுப் பயிற்சிப் பள்ளி (1956): மும்பையில் சட்டமன்றப் பயிற்சியின் தொடக்கமும் தாராவித் தமிழரும்

முன்னுரை

அம்பேத்கரின் வாழ்வில் 1956ஆம் ஆண்டு இரு நிகழ்வுகளால் அறியப்படுகிறது. அக்டோபர் 14இல் நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் தில்லியில் மறைந்தார். இவ்விரண்டையும் வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசியுள்ளன. அதே ஆண்டு சூலை முதல் நாள் அவர் பம்பாயில் தொடங்கிய சிறு பள்ளியொன்று அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அரசியலில் நுழைவோருக்கான பயிற்சிப் பள்ளி என்பது அதன் பெயர். முதல் அணியில் பயின்றோர் 15 பேர். அவர் மறைவுக்குப்பின் சில திங்களே நடந்து, 1957 மார்ச்சோடு அது நின்றது.

ஓராண்டும் நிறையாத பள்ளியை ஆராய்வதால் என்ன பயன் என்ற வினா எழலாம். சட்டமியற்றுவோருக்குப் பயிற்சியும் ஆய்வுத்துணையும் தேவை என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அக்கருத்தை மும்பையில் நிறுவன வடிவில் செயற்படுத்த முனைந்த தொடக்ககால முயற்சிகளுள் இப்பள்ளி முதன்மையானது. அது எழுந்த சூழலையும், பின்வந்த அமைப்புகளுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தாராவித் தமிழரின் குடியிருப்புரிமை இதற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

அம்பேத்கரின் சட்டமன்ற அனுபவம்

பள்ளியின் வேர் அம்பேத்கரின் சட்டமன்றப் பணியில் உள்ளது. பம்பாய்ச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினராக நுழைந்த அவர், 1927 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கை மீது உரையாற்றினார். பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி பற்றிய அவருடைய ஆய்வுநூல் அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1925இல் வெளிவந்திருந்தது. மாகாண நிதியைத் துறைபோகக் கற்ற ஒருவர் மாகாண நிதிநிலை அறிக்கையை ஆய்ந்து பேசினார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

எனினும் கல்வி மட்டுமே சட்டத்தை நிறைவேற்றித் தந்துவிடவில்லை. மகார் வதன் முறையைத் திருத்த 1928இல் அவர் கொண்டுவந்த முன்வரைவைப் பின்னர் திரும்பப்பெற நேர்ந்தது. கொங்கணப் பகுதியின் கோத்தி நிலமுறையை ஒழிக்க 1937இல் அவர் முன்வைத்த முன்வரைவும் அப்போது சட்டமாகவில்லை. ஆய்வறிவு மிக்க ஒருவர் அவையில் இருந்தால் மட்டும் போதாது. முன்வரைவைப் படித்து, திருத்தம் எழுதி, வாக்கெடுப்பு வரை உடன்நிற்கும் அணி ஒன்று வேண்டும். இப்பட்டறிவே 1956ஆம் ஆண்டுப் பள்ளிக்கு அடிப்படையாய் இருந்தது எனக் கருத இடமுண்டு.

1932ஆம் ஆண்டுப் புனா ஒப்பந்தத்தின் வழி வந்த தனித்தொகுதி முறையும், குடியரசான பின் வந்த வயதுவந்தோர் வாக்குரிமையும் ஒடுக்கப்பட்டோரை அவைக்குள் கொண்டுவந்தன. இருக்கை கிடைத்துவிட்டது, அதில் அமர்ந்து ஆற்ற வேண்டிய பணிக்கான ஆயத்தம் கிடைக்கவில்லை. தமிழகத்திலிருந்து சென்று, 1942இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவரான என். சிவராஜ் சட்டப் பேராசிரியர், அவைப்பணி அறிந்தவர். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரானவரும் அவரே. அத்தகையோர் மிகச் சிலர். அச்சிலரைப் பலராக்குவது எவ்வாறு என்பதே அன்றைய சிக்கல்.

பள்ளியும் நூலகமும்

இப்பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களுள் எஸ். எஸ். ரேகே குறிப்பிடத்தக்கவர். இவர் சித்தார்த்தா கல்லூரியின் நூலகர். மக்கள் கல்விக் கழகம் 1945இல் நிறுவப்பட்டு, அதன் சார்பில் 1946இல் தொடங்கப்பட்டது அக்கல்லூரி. அங்கு மாணவர் நாடாளுமன்றமும் இயங்கியது. அரசியல் பயிற்சியின் பொறுப்பு ஒரு நூலகரிடம் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க இயலவில்லை. மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்துக் குடியிருப்பில் 1930களின் தொடக்கத்தில் தமக்கென வீடு கட்டியபோது, நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதையே அம்பேத்கர் முதன்மையாகக் கருதினார். இராசகிருகம் என்ற அவ்வீடு நூலகமாகவே புகழ்பெற்றது. படிப்பும் பேச்சும் பிரிக்க இயலாதவை என்ற அவரது நோக்கு, வீட்டிலும் கல்லூரியிலும் பள்ளியிலும் ஒன்றுபோலவே வெளிப்படக் காணலாம்.

ஆகவே இப்பள்ளியின் தனித்தன்மைகளாக மூன்றைக் கூறலாம். ஒன்று, தேர்தலில் வென்ற பின்னன்றி, அரசியலுக்குள் நுழையும் முன்னரே பயிற்சி. இரண்டு, நூலகத்தோடு இணைந்த பயிற்சி. மூன்று, வசதியற்றோரின் சார்பில் அவைக்குச் செல்வோரை மனத்திற்கொண்ட பயிற்சி.

பின்வந்த அமைப்புகள்

நாடாளுமன்றத்தின் ஆய்வு, பயிற்சிப் பிரிவு 1976இல் தோன்றியது. உறுப்பினர்களுக்கும் அவைச்செயலக அலுவலர்களுக்கும் அது பயிற்சியளித்தது. மும்பையில் 1982இல் ராம்பாவு மாள்கி பிரபோதினி நிறுவப்பட்டு, மக்கள் பிரதிநிதிகளுக்கான பயிற்சியில் ஈடுபட்டது. மகாராட்டிரச் சட்டமன்றத்திலும் வி. ச. பாகே பெயரால் நாடாளுமன்றப் பயிற்சி மையம் ஒன்று அமைந்தது. பாகே 1960 முதல் 1978 வரை மேலவைத் தலைவர். ஊரக வேலையுறுதித் திட்டத்தை வகுத்தவர். அதற்கான மாநிலச் சட்டம் 1977இல் நிறைவேறியது. களத்தில் சோதித்துப் பார்த்த ஒரு கருத்து சட்டமாக வளர்ந்ததற்கு அது சான்று. பயிற்சி மையத்துக்கு அவர் பெயர் பொருத்தமானதே.

ஆய்வுத்துணை என்ற மற்றொரு கூறு 2005இல் தில்லியில் பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு அமைப்பு தோன்றியதும் வலுப்பெற்றது. 2010 முதல் அவ்வமைப்பு இளம் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களோடு ஆய்வுதவியாளர்களாக இணைத்தது. நுழையுமுன் பயிற்சி என்ற கருத்தும் மீண்டது: புனேயில் 2005இல் எம்.ஐ.டி. ஆட்சியியல் பள்ளியும், 2017இல் மாள்கி பிரபோதினியின் சனநாயகத் தலைமைக் கல்வி நிறுவனமும் அவ்வழிப்பட்டவை.

இவ்வாறு 1956ஆம் ஆண்டுப் பள்ளியின் முதலிரு கூறுகளும் தனித்தனியே வளர்ந்துள்ளன. மூன்றாவது கூறு வளர்ந்ததா என்பதே வினா. கட்டணம் செலுத்தி ஓராண்டு பயில வல்லவர் யார்? இவ்வினாவுக்கு விடை காணத் தாராவியை நோக்க வேண்டும்.

தாராவி என்னும் உரைகல்

மும்பைத் தமிழரிடையே மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் கல்வியும் அலுவலகப் பணியும் முகவரிகளாயின. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றியது அதன் அடையாளம். தாராவியிலோ திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல்பதனிடும் தொழிலை நாடிவந்தோரின் குடியிருப்புகள் உருவாயின. அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். இன்று தாராவி ஒரு தனித்தொகுதியுமாகும்.

அங்கு ஒரு குடும்பம் வீட்டை இழக்குமா, பெறுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சட்டத்தில் உள்ள ஒரு தேதி. 1971இல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. 1976இல் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு ஒளிப்பட அட்டைகள் வழங்கப்பட்டன. 1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்தபோது 1995 சனவரி முதல் நாள் எல்லையானது. பின்னர் அது 2000 சனவரி முதல் நாளாக நீண்டது. தேதிக்கு முன் வந்தவர் உரிமையாளர். பின் வந்தவர் ஆக்கிரமிப்பாளர். ஒரே சந்தில் அண்ணன் குடும்பம் உள்ளே, தம்பி குடும்பம் வெளியே என்று ஆவதற்கு அந்த ஒரு வரி போதும்.

அந்த வரி முன்வரைவாக அவைக்கு வரும்போது அது மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படிப்பை முடித்துக்கொண்ட முதியவருக்கு அதைப் படித்துச்சொல்ல ஒருவர் தேவை. அவரது அட்டையையும் வாடகைச் சீட்டையும் திரட்டி, இவ்விதி எத்தனை வீடுகளை வெளியே தள்ளும் என்று எண்ணிச்சொல்ல ஒருவர் தேவை. அவ்வெண்ணிக்கையைத் திருத்தமாக எழுதி உறுப்பினர் கையில் கொடுக்கவும் ஒருவர் தேவை. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் 2004இல் ஒப்புதல் பெற்று, பலமுறை தடைப்பட்டு, 2022இல் அதானி குழுமம் ஒப்பந்தப்புள்ளியில் வென்றபின் இத்தேவை இன்னும் கூர்மையடைந்துள்ளது.

இப்பணிக்கு ஏற்றவர் தமிழும் மராத்தியும் அறிந்து தாராவியில் வளர்ந்த இளைஞரே. உறுப்பினரின் உதவியாளராக அவர் அமர்வதற்கும், நாளை உறுப்பினராகவே அமர்வதற்கும் வேண்டிய பயிற்சியை வசதியைக் கேளாமல் தரும் பள்ளி எது என்பதே இன்றைய கேள்வி.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. சட்டமியற்றுவோரின் பயிற்சி அமைப்புகள் பெருகியுள்ளன, ஆய்வுத்துணையும் வளர்ந்துள்ளது. ஆயினும் அவை பெரிதும் அவைக்குள் வந்துவிட்டவர்களையோ, கட்டணம் செலுத்த வல்லவர்களையோ சார்ந்து நிற்கின்றன. 1956இல் 15 மாணவர்களோடு தொடங்கிய பள்ளி, பயிற்சியை அவைக்கு வெளியே, தேவை மிக்கவரிடமிருந்து தொடங்க எண்ணியது. அதன் ஆயுள் குறுகியது. அது எழுப்பிய வினாவோ இன்றும் தாராவியின் சந்துகளில் விடைக்குக் காத்திருக்கிறது. மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் ஆலை, தோல்பட்டறை, தமிழ்ச்சங்கம் ஆகியவற்றோடு சட்டமன்றத்தையும் ஆய்வுக்களமாகக் கொள்ளல் வேண்டும்.