கோணியில் விளைந்த கம்பளம்: வட அமெரிக்கக் கொக்கி விரிப்புக் கலையின் வரலாறு

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில், மெய்ன் மாநிலத்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து தீவு வரை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு வீட்டுக் கைத்தொழில் வேர்பிடித்தது. உடுத்தித் தேய்ந்த கம்பளித் துணிகளை நீண்ட கீற்றுகளாக வெட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கோணித்துணியின் இழை இடுக்குகள் வழியே கொக்கியால் மேலே இழுத்து, கண்ணி கண்ணியாக நிறுத்தித் தரைவிரிப்பு செய்யும் தொழில் அது. இக்கட்டுரையில் அதைக் ‘கொக்கிக் கம்பளம்’ என்று குறிப்பிடுகிறேன்.

இதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர், வறிய வீடுகள் கையில் இருந்ததை வைத்துச் செய்த கலை என்று இதைப் போற்றுகிறார்கள். அந்தப் புகழுரை தகும். ஆனால் கையில் இருந்த அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை வங்காளத்துச் சணல் வயலில் தொடங்குகிறது. கம்பளியை மட்டும் வைத்து இக்கலையின் வரலாற்றை எழுதிவிட முடியாது. அடித்துணியான கோணியின் வரலாறும், அதன்மேல் வரைந்த வடிவங்களை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வியும் அதில் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோற்றம் பற்றிய இரு கருத்துகள்

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வில்லியம் வின்த்ராப் கென்ட் 1930இல் கொக்கிக் கம்பளங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் யார்க்ஷயர் நெசவாலைத் தொழிலாளர்கள் தறியில் மிஞ்சிய குட்டை நூல் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச்சென்று, துணியில் இழுத்து விரிப்பாக்கினார்கள், கலை அங்கிருந்துதான் கடல் கடந்தது என்பது அவர் கருத்து. இதற்கு மாறாக, ஜோயல் காப், கேட் காப் தம்பதியர் 1975இல் வெளியிட்ட நூலில், கொக்கிக் கம்பளம் வட அமெரிக்கக் கரையோரத்திலேயே உருவானது என்று வாதிட்டார்கள்.

வட இங்கிலாந்தின் டர்ஹம், நார்த்தம்பர்லாந்து பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் கந்தைத் துணி விரிப்புகள் வெகுகாலம் செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. துணிக்குள் நூலை இழுத்துக் கண்ணி நிறுத்துவது பல நாட்டு மக்களுக்கும் தோன்றக்கூடிய உத்திதான். எனவே முதல் கண்ணியை இழுத்த கை எது என்ற தேடல் பயன்தராது என்பது என் கருத்து. ஏதோ ஒரு வீட்டில் யாரோ அறிந்திருந்த உத்தி எப்போது ஒரு கடற்கரை முழுவதற்கும் பொதுத் தொழிலாயிற்று என்று கேட்டால்தான் வரலாறு பிடிபடும்.

கொக்கிக் கம்பளத்துக்கு முன்பே நியூ இங்கிலாந்தில் ஊசியால் கம்பளி நூலைத் தைத்துச் செய்த கனமான படுக்கை விரிப்புகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஊசி வேலை தரைவிரிப்புக்கும் வந்தது. அவற்றின் அடித்துணி வீட்டில் நெய்த லினன். இழை நெருக்கமான அத்துணியில் ஊசி நுழையும். தடித்த கம்பளிக் கீற்றைக் கவ்விக்கொண்டு கொக்கி ஏறி வருவது கடினம். லினனில் கொக்கியால் செய்த பழைய விரிப்புகளும் சில உண்டு. ஆயினும் இழை விலகிய, முரடான, இலவசமாகக் கிடைக்கும் துணி ஒன்று வந்த பிறகே இத்தொழில் வீடுதோறும் பரவியது. அந்தத் துணிதான் கோணி.

டண்டீயிலிருந்து வந்த சாக்கு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் ஆளி நார் நெசவுக்குப் பெயர்பெற்றது. வங்காளத்திலிருந்து வந்த சணலை அந்த ஆலைகளில் முதலில் நூற்க முடியவில்லை. நார் விறைப்பாக இருந்ததால் பொறியில் முறிந்தது. டண்டீ அப்போது திமிங்கில வேட்டைத் துறைமுகமாகவும் இருந்தது. திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் கலந்து சணலை ஊறவைத்தால் நார் இளகுகிறது என்று கண்ட பிறகு, 1830களில் பொறி நூற்பு கைகூடியது. 1838இல் டச்சு அரசு தன் கிழக்கிந்தியத் தீவுகளின் காப்பிக்கொட்டைக்குச் சணல் சாக்குகளை வாங்கியது. 1853இல் கிரீமியப் போர் மூண்டதும் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆளி நாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட, சணலின் இடம் உறுதியாயிற்று. 1855இல் கல்கத்தாவுக்கு அருகில் ரிஷ்ராவில் ஜார்ஜ் ஆக்லண்ட் சணல் நூற்பாலை தொடங்கினார். அதற்குப் பின் உலகின் தானியமும் சர்க்கரையும் காப்பியும் கோணியில் பயணம் செய்தன.

சரக்கு காலியானதும் சாக்கு வீட்டில் தங்கியது. மீன்பிடிக் குடியிருப்புகளில் இதற்கு மதிப்பு அதிகம். நியூஃபவுண்ட்லாந்து மீனவர் குடும்பங்கள் பணத்தைக் கண்ணால் காண்பதே அரிது. வணிகர் கடனாக மாவும் சர்க்கரையும் வலையும் தருவார். பருவம் முடிந்ததும் உலர்ந்த காட் மீனைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பார்கள். இப்படிப்பட்ட வீட்டில் கடைத் தரைவிரிப்புக்கு இடமில்லை. பலகைத் தரையோ பனிக்காலத்தில் காலை விறைக்க வைக்கும். மளிகைச் சாமானோடு வந்த சாக்கைப் பிரித்துத் துவைத்து, வேண்டிய அளவுக்கு ஒட்டுப்போட்டு, சட்டத்தில் ஏற்றினார்கள். வெயில்காலத்தில் மீன் உலர்த்துவதும் தோட்ட வேலையும் பெண்களின் நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே கம்பளம் பின்னுவது குளிர்காலத் தொழிலாயிற்று.

கங்கைக் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சணல் தண்டை அழுகவைத்து நார் உரித்த உழவரும், அட்லாண்டிக் கரையில் அதே நார் மேல் கம்பளியை இழுத்த மீனவப் பெண்ணும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் ஒருவர் உழைப்பின்மேல்தான் மற்றவரின் கலை நின்றது.

கண்ணியும் கம்பளியும்

செய்முறை பார்ப்பதற்கு எளிது. மரப்பிடி போட்ட கொக்கி வலக்கையில், துணியின் மேலே. கம்பளிக் கீற்று இடக்கையில், துணியின் அடியில். கொக்கி ஓர் இடுக்கில் இறங்குகிறது. கீழே விரல்கள் கீற்றை அதன் வளைவில் மாட்டுகின்றன. கொக்கி அதை மேலே இழுக்கிறது. அரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கண்ணி நிற்கும். ஓர் இழை, இரண்டு இழை தள்ளி அடுத்த கண்ணி. கீற்று முடியுமிடத்தில் நுனியையும் மேலே இழுத்து, கண்ணிகளின் உயரத்துக்குக் கத்தரிப்பார்கள். எங்கும் முடிச்சு கிடையாது. பக்கத்துக் கண்ணிகளின் நெருக்கமும் கோணி இழையின் பிடியும்தான் ஒவ்வொன்றையும் நிறுத்தி வைக்கின்றன. நெருக்கம் குறைந்தால் கண்ணி உருவிக்கொண்டு வரும். கூடினால் விரிப்பு தரையில் படியாமல் நடுவில் மேடு தட்டும். இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்கும் கையைப் பல ஆண்டுப் பழக்கம்தான் தரும்.

கம்பளி இதற்குப் பொருந்தி வந்ததற்குக் காரணம் அதன் நாரிலேயே இருக்கிறது. கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டது. மிதித்தால் அமுங்கி, காலை எடுத்ததும் எழும். இழையின் மேற்பரப்பில் உள்ள நுண்செதில்கள் பக்கத்து இழையைப் பற்றிக்கொள்ளும். வெந்நீரில் அலசிய கம்பளித் துணி சுருங்கி இறுகுவதால், குறுகலாக வெட்டினாலும் விளிம்பு பிரியாது. சாயமும் நன்றாகப் பிடிக்கும். வெங்காயத் தோல், வால்நட் தோடு, பாறைப் பாசி, அவுரி என்று கிடைத்ததில் சாயம் காய்ச்சினார்கள். 1880களில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரிலிருந்து ‘டயமண்ட் டைஸ்’ என்ற சாயப்பொடிப் பொட்டலங்கள் பரவலாக விற்பனைக்கு வந்ததும், சிவப்பும் பச்சையும் பளிச்சென்று விரிப்புகளில் ஏறின.

அச்சுத் தகடுகளின் காலம்

தொடக்க கால விரிப்புகளில் வடிவத்தை வரைந்தவர் வீட்டுப் பெண்தான். அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டால் கோணியின் மேலேயே வரைவார். வீட்டு நாய், முற்றத்துக் கோழி, கணவன் போகும் கப்பல், தட்டைக் கவிழ்த்துச் சுற்றிய வட்டங்கள் ஆகியவை அன்றைய வடிவங்கள். அளவு விகிதம் பிசகியிருக்கும். வீட்டைவிடக் கோழி பெரிதாக இருக்கும். இக்கலையின் உச்சம் இந்தக் காலம்தான் என்று நான் கருதுகிறேன். செய்தவர் பார்த்ததும் விரும்பியதும் இடையில் எவருமின்றி அப்படியே துணியில் இறங்கின.

அந்த நிலையை மாற்றியவர் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றி உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். மெய்ன் மாநிலத்தின் பிட்டஃபர்ட் ஊரில் தகரச் சாமான் வியாபாரம் செய்தார். 1868ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மனைவி கம்பளம் பின்னுவதைப் பார்த்தவர், முதலில் அவருக்கு நல்ல கொக்கி ஒன்று செய்து கொடுத்தார். பிறகு கோணியில் ஒரு வடிவமும் வரைந்து கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள். கையால் வரைந்து மாளவில்லை. தகடு வெட்டுவது அவருக்குக் கைவந்த தொழில் ஆதலால், பூவும் இலையும் சிங்கமும் உலோகத் தகட்டில் அச்சாயின. கோணியில் தகட்டை வைத்துச் சாயத்தைத் தேய்த்தால் போதும், வடிவம் தயார். பின்னர் எங்கெங்கு என்ன நிறம் என்பதையும் சேர்த்து அச்சிட்டு விற்றார். 1876இல் உடல்நலம் கருதித் தொழிலை விற்றபோது, நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் அவரிடம் இருந்தன. அவருடைய தகடுகள் இன்று மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளன. கனடாவிலும் 1890களில் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ ஊரைச் சேர்ந்த காரெட் குடும்பம் அச்சிட்ட கோணிகளை விற்கத் தொடங்கியது.

ஃபிராஸ்ட் கலையைக் கெடுத்துவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வரையத் தெரியாது என்று ஒதுங்கியிருந்த எத்தனையோ பெண்கள் அவர் அச்சால் கொக்கியைக் கையில் எடுத்தார்கள். அச்சில் இருந்த சிங்கத்தை விட்டுவிட்டுத் தங்கள் பூனையை நடுவில் வைத்தவர்களும் உண்டு. ஆனால் ஒன்று உண்மை: வடிவத்துக்கும் கைக்கும் நடுவே முதன்முறையாகச் சந்தை வந்து உட்கார்ந்தது.

மிஷனும் சீமாட்டிகளும்

அடுத்த கட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த படித்தவர்கள் தலையிட்டார்கள். 1897இல் நியூ ஹாம்ப்ஷயரின் பெக்வாக்கெட் கிராமத்தில் ஹெலன் ஆல்பி, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வருமானம் தேடித்தர ‘அப்னாகி’ என்ற பெயரில் விரிப்புத் தொழில் தொடங்கினார். புதுக் கம்பளித் துணி, மங்கலான நிறங்கள், தாமே வரைந்த வடிவங்கள் என்பவை அவர் வைத்த விதிகள்.

இதைவிடப் பெரிய முயற்சி நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது. ஆங்கிலேய மருத்துவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் 1892இல் லாப்ரடார் கரைக்கு மிஷன் மருத்துவராக வந்தவர். 1906இல் அவருடைய மிஷன் இயங்கிய நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் அந்தோனிக்கு வந்த கைத்தொழில் ஆசிரியை ஜெஸ்ஸி லூதர், அங்குள்ள பெண்கள் ஏற்கெனவே கம்பளம் பின்னுவதில் தேர்ந்தவர்கள் என்பதைக் கண்டார். மிஷன் அதையே தொழிலாக்கியது. பனிக்கரடி, நாய் இழுக்கும் சறுக்கு வண்டி, கப்பல் என்று வடிவத்தை அச்சிட்ட கோணியும் சாயம் தோய்த்த துணியும் பொட்டலமாகக் கரையோர வீடுகளுக்குப் போகும். முடிந்த விரிப்பு திரும்பி வரும். கூலி பெரும்பாலும் உடுப்பாகவே கிடைத்தது. 1920களில் கிழிந்த பட்டுக் காலுறைகளை அனுப்புமாறு அமெரிக்க, கனடியப் பெண்களுக்கு மிஷன் விடுத்த வேண்டுகோளால் மூட்டை மூட்டையாகக் காலுறைகள் வந்து குவிந்தன. அவற்றுக்குச் சாயமேற்றிக் கோணியின் ஒவ்வோர் இடுக்கிலும் நேர்வரிசையாக இழுத்தார்கள். சிறந்த விரிப்புகளில் ஒரு சதுர அங்குலத்தில் 200 கண்ணிகள் வரை உண்டு. தரையில் போட மனம் வராமல் சுவரில் மாட்டப்பட்டவை அவை.

நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவில் உள்ள ஷெட்டிகாம்ப், பிரெஞ்சு பேசும் அகேடியர் ஊர். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் குடும்பத்தின் கோடை மாளிகை அதே தீவில் பாடெக்கில் இருந்தது. அக்குடும்பத்தின் நட்பால் வந்த வாஷிங்டன் ஓவியை லில்லியன் பர்க், 1920களின் பிற்பகுதியில் ஷெட்டிகாம்ப் பெண்களைக் கொண்டு பெரிய விரிப்புகள் செய்விக்கலானார். கந்தைக் கீற்று போய், மெல்லிய கம்பளி நூல் வந்தது. நியூயார்க் செல்வர்களின் கூடங்களுக்கென்று பிரெஞ்சு, பாரசீகப் பாணிப் பூவேலைகள் வந்தன. வேலைத்தரம் வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்தது. ஆனால் விலையை நிர்ணயிப்பதும் வடிவத்தைத் தேர்வதும் பர்க் கையிலேயே இருந்தன. 1930களின் பிற்பகுதியில் பெண்களில் ஒரு பகுதியினர் விலகிச் சொந்தமாக விற்கத் தொடங்கினார்கள். 1932இல் திறந்த கேபட் நெடுஞ்சாலை வழியே வந்த சுற்றுலாப் பயணிகள் அவர்களுக்கு வாடிக்கையாளர் ஆனார்கள்.

அந்த ஊரிலிருந்து எழுந்தவர்தான் எலிசபெத் லெஃபோர்ட். 1914இல் பிறந்தவர். அமெரிக்க அதிபர்கள், இரண்டாம் எலிசபெத் அரசி முதலியோரின் உருவங்களைக் கோணியில் கம்பளி நூலால் வடித்தார். 1987இல் கனடாவின் உயர் விருதான ‘ஆர்டர் ஆஃப் கனடா’ பெற்றார். கோணியில் இழுத்த கண்ணிக்கு நாட்டின் விருது கிடைத்ததும், செய்தவரின் சொந்தப் பெயரிலேயே அது கிடைத்ததும் இவ்வரலாற்றில் பெரிய திருப்பம்.

அமெரிக்காவில் பேர்ல் மெக்கவுன் 1951இல் ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார். ஒரு ரோஜா இதழுக்கு ஒரே நிறத்தில் வெளிறியது முதல் அடர்ந்தது வரை படிப்படியாகச் சாயமேற்றிய கீற்றுகள் என்று இலக்கணம் வகுத்துக் கற்பித்தார். வறுமையின் தொழில் அப்போது ஓய்வுநேரக் கலையாயிற்று.

அடித்துணியின் கதி

இன்று இக்கலையைப் பயில்வோர் பெரும்பாலும் லினனையோ தடித்த பருத்தித் துணியையோதான் அடித்துணியாகக் கொள்கிறார்கள். சணலில் லிக்னின் என்ற பொருள் மிகுதி. வெளிச்சத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து, நார் உளுத்துப்போகும். மேலே கம்பளி கெட்டியாக இருக்க, கீழே கோணி பொடியாக உதிர்கிறது. பழைய விரிப்பைப் பாதுகாக்க அருங்காட்சியகங்கள் அதன் பின்புறத்தில் புதுத்துணி வைத்துத் தைக்கின்றன. பின்புறம் அதோடு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்படி மூடுவதற்கு முன் பின்புறத்தைப் படமெடுத்து, கோணியின் இழை எண்ணிக்கையையும் அதில் அச்சிடப்பட்ட ஆலை, வணிகர் குறிகளையும் பதிவு செய்ய வேண்டும். வங்காளச் சணலின் வரலாற்றை எழுதும் நம் நாட்டு ஆய்வாளர்கள் வயலோடும் ஆலையோடும் நின்றுவிடாமல், சாக்கு கடைசியில் போய்ச் சேர்ந்த இந்த வீடுகளையும் தங்கள் ஆய்வில் சேர்க்க வேண்டும்.