துறைமுகக் குமாஸ்தாவின் விண்ணப்பம்

உத்தியோகம் தேடுவோர் தம் விண்ணப்பத்தோடு பெரிய மனிதர் ஒருவரின் நற்சான்றுக் கடிதத்தையும் இணைத்தனுப்புவதே சென்னை ராஜதானியில் சம்பிரதாயமாயிருந்த காலத்தில், 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்ரீநிவாச ராமாநுஜன் சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு எழுதிய கடிதத்தை நான் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்லி, எஃப்.ஏ. வரை பயின்றும் மேற்படிப்பைத் தொடர இயலாதுபோனதை ஒளிக்காமல் உரைத்து, தம் காலமெல்லாம் கணிதத்திலேயே செலவாவதைப் பணிவோடு, ஆனால் தயக்கமின்றித் தெரிவித்து, பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதத்தையும் உடன் வைத்திருந்தார். மார்ச் முதல் தேதியன்று மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். சர்க்கார் உத்தியோகங்களுக்கென்று, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் தேர்வாணையம் தோன்றியது பின்னர் 1929-இல்தான்.